பேர் வைத்தவர் நின்ற இடம்

வெள்ளிக்கிழமை, கட்டாரிலிருந்து அழைப்பு.
கெமரா உடைந்த போன், குரல் மட்டும்தான் வரும்.
"சாப்பிட்டியா மனே?"
லிதுசன் தலையாட்டுகிறான்.
"ஹலோ... மனே... கேக்குதா?"
இன்னும் பலமாக ஆட்டுகிறான், கன்னம் குலுங்க.
தன் தலை அங்கே தெரியாது என்பது
நாலு வயதுக்குள் இன்னும் வந்துசேரவில்லை.
ஒளிச்சுப் பிடிக்கையிலும் அப்படித்தான்:
உடம்பு முழுக்கப் பாய்க்கு வெளியே கிடக்க
கண்ணை மட்டும் பொத்திக்கொண்டு
"எங்க, என்னக் கண்டுபிடிங்க பாப்பம்" என்பான்.

நான் மருத்துவமாது.
ஊர்ப் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு
பதிவேட்டில் புள்ளி வைத்து
புள்ளிகளைக் கோடாக இழுப்பது என் வேலை.
பச்சைக்குள் நின்றால் தாய்மார் சிரிப்பார்கள்.
தவழ்ந்த மாதம், எழும்பி நின்ற மாதம்
எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
நிலா பின்னால் வருவதை நிறுத்திய நாளுக்கு
ஒரு கட்டமும் இல்லை.

கம்சாயினிக்கு அது மண்முனைப் பாலத்தில் நடந்தது.
கிளினிக் முடிந்து ஸ்கூட்டியில் வருகிறோம்,
வாவி கறுத்துக் கிடக்கிறது, முழு நிலா.
முன்னால் நின்ற தம்பி என் கைக்கு அடியால் எட்டிப் பார்த்து
"அம்மா, அது நமக்குப் பின்னாலயே வருது" என்றான்.
போன வருசம்வரை அதற்குக் கைகாட்டிக்கொண்டு வந்தவள்
அன்றைக்குப் பேசாமல் இருந்தாள்.
எதிரே ஒரு மோட்டர்சைக்கிள்
ஆரையம்பதிப் பக்கம் கடந்து போனது.
"அப்ப அவங்களுக்கு அது முன்னால போகுமென்ன?"
எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை.
வீடு வரும்வரை என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.
எதையோ விட்டவளின் பிடி அது என்று இப்போது படுகிறது.
அன்றைக்குக் குளிர் என்று நினைத்தேன்.

வளர்ச்சி ஏறும் கோடு என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள்.
மூன்று வயதில் "வந்தன்" என்று சரியாகச் சொன்னவன்
இந்த மாசம் "வாரினன்" என்கிறான். "நில்லினன்" என்கிறான்.
என்னவோ ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான்,
அகப்பட்ட சொல்லுக்கெல்லாம் அதைப் பூட்டிப் பார்க்கிறான்.
நான் திருத்தவில்லை.
பிழை இவ்வளவு புத்தியாக இருக்கும்போது எப்படித் திருத்த?

போன கிழமை மூன்றாம் வகுப்பில் யாரோ
"நீ படுவான்கரைதானே" என்றிருக்கிறார்கள்.
அரிசி கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.
"சூரியன் படுக்கிற கரையாம். நான் பாத்தன்மா.
நம்மட ஊட்டுக்குப் பின்னால, வயலுக்கும் அங்கால,
தாந்தாமலைக் காட்டுக்குள்ளதான் அது போய்ப் படுக்குது.
இங்க படுக்கல்ல.
அப்ப இந்தப் பேர வச்ச ஆள் எங்க நிண்டவர்?"

முப்பத்திநாலு வருசம்
இந்தப் பேரைச் சொல்லிக் கரை கடந்தவள் நான்.
கழுவின தண்ணீர் கையிலிருந்து வடிந்துகொண்டிருந்தது.
"எழுவான்கரையில நிண்டிருப்பார்" என்றேன்.
"ஒருநாளும் இங்கால வரல்லியாக்கும்."
"அந்த நாளையில பாலம் இல்ல புள்ள."
"தோணி இருந்திச்சுத்தானே."

இந்த வெள்ளி
"சாப்பிட்டன்பா, இறால் சொதி" என்று
லிதுசன் வாய்விட்டுச் சொன்னான்.
எந்த நாளில், எந்த நிமிசத்தில் என்று நான் காணவில்லை,
தராசோடு வேறு யாருடையோ வீட்டில் இருந்திருப்பேன்.
பிறகு போன் என் காதுக்கு வந்தது.
"இன்னும் ரெண்டு வருசம் நீட்டித் தாறாங்களாம்.
நிக்கட்டா? உனக்குச் சரியா?"
தலையாட்டினேன்.
"ஹலோ... கேக்குதா?"
மறுபடியும் ஆட்டினேன்.
நைட்டியின் ஓரத்தை யாரோ இழுத்தார்கள்.
"அம்மா, அப்பாக்கு அது தெரியாது.
வாயால சொல்லுங்க."

கம்சாயினி ஒன்றும் சொல்லவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்,
எழும்பிப் போய்
டீவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.